இணங்கவைக்கும் பேச்சை ஆராயக் கற்பித்தல்: புதிய ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

கடலூரிலோ புதுச்சேரியிலோ வளரும் ஒரு மாணவர் பத்தாம் வகுப்புக்கு வருவதற்குள் எண்ணற்ற பேச்சுகளைக் கேட்டுவிடுகிறார். கோயில் திருவிழாவில் பட்டிமன்றம், மஞ்சக்குப்பம் மைதானத்தில் பொதுக்கூட்டம், தேர்தல் நேரத்தில் திறந்த வேனில் நின்றபடி தெருமுனையில் கேட்கும் வாக்கு, கைப்பேசியில் ஒரு நிமிடக் காணொளி எனப் பலவும் அவர் காதில் விழுகின்றன. நன்றாகப் பேசுவதற்கும் நம் பள்ளிகளில் பயிற்சி உண்டு. பேச்சுப் போட்டி இல்லாத ஆண்டு விழா அரிது. ஆனால் கேட்ட பேச்சைப் பிரித்துப் பார்த்து, அது தம்மை எவ்வாறு இணங்கவைக்கிறது, இணங்குவது தகுமா என்று எடைபோடுவதற்குப் பாடவேளை ஒதுக்குவோர் குறைவு. ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை கற்பிக்கும் தமிழாசிரியர்களும் சமூக அறிவியல் ஆசிரியர்களும் இந்தப் பயிற்சியை முதன்முறையாகத் தொடங்குவதற்கு உதவும் வகையில் இக்கட்டுரை எழுதப்பட்டுள்ளது. ஐந்து அல்லது ஆறு பாடவேளைகள் போதும். கரும்பலகையும் அச்சிட்ட ஒரு பக்கமும் தவிர வேறு கருவி எதுவும் தேவையில்லை.

எந்தப் பேச்சில் தொடங்குவது

முதற்பேச்சைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வேலை அடங்கியிருக்கிறது. அது உரக்கப் படித்தால் நான்கு நிமிடத்துக்குள் முடிவதாக இருக்க வேண்டும். நீண்ட உரையானால் அதிலிருந்து தானே பொருள் தரும் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அதில் ஒரு தெளிவான வேண்டுகோள் இருக்க வேண்டும். ஒருவரைப் புகழ்வதற்கோ நன்றி கூறுவதற்கோ ஆற்றிய உரை எவ்வளவு அழகாயிருப்பினும் இப்பயிற்சிக்குப் பொருந்தாது, ஏனெனில் அங்கே கேட்பவர் ஏற்கவோ மறுக்கவோ வேண்டியது எதுவும் இல்லை.

இன்று களத்தில் இருக்கும் அரசியல் தலைவரின் பேச்சை முதல் வாரத்திலேயே எடுக்க வேண்டாம் என்று வலியுறுத்திச் சொல்வேன். வகுப்பிலுள்ள பிள்ளைகள் வீட்டிலிருந்து ஒரு சார்பைக் கொண்டு வருகிறார்கள்; அது இயல்பானது. ஆராயும் முறை கையில் வருவதற்கு முன்பே சார்பைத் தொட்டுவிட்டால், பேச்சைப் பற்றிய விவாதம் பேசியவரைப் பற்றிய சண்டையாக மாறிவிடும். காலத்தால் விலகி நிற்கும் உரையிலோ ஆசிரியரே எழுதிய சிறு மாதிரியிலோ தொடங்கி, முறை பழகிய பின் நிகழ்காலத்துக்கு வருவதே நல்லது.

மொழிபெயர்ப்பில் கிடைக்கும் உரைகளைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் அவற்றில் எதுகை, மோனை, ஓசை ஆகியவற்றை ஆராய்வது மொழிபெயர்ப்பாளரை ஆராய்வதாக முடியும். ஆகவே மொழிபெயர்ப்பில் வாதத்தின் அமைப்பையும் சான்றையும் மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். சொல் நயத்துக்குத் தமிழிலேயே பிறந்த பேச்சை எடுங்கள்.

முதலில் செவிக்கு, பின்னரே கண்ணுக்கு

முதல் பாடவேளையில் அச்சுத்தாளைக் கொடுக்காதீர்கள். பேனாக்களைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, பேச்சை நீங்களே ஒருமுறை உரக்கப் படியுங்கள். பேச்சு என்பது காதுக்காக அமைக்கப்பட்டது. அது மனத்தில் ஏற்படுத்தும் முதல் அசைவை உணராத மாணவர், அந்த அசைவு எப்படி உண்டானது என்பதைப் பிறகு தேட முடியாது. படித்து முடித்தவுடன் ஒரே ஒரு வினாவைக் கரும்பலகையில் எழுதுங்கள்: இவர் யாரை, என்ன செய்யச் சொல்கிறார்? ஒவ்வொருவரும் ஒரே வாக்கியத்தில் விடை எழுதட்டும். பலர் 'இவர் சுற்றுச்சூழலைப் பற்றிப் பேசுகிறார்' என்பதுபோல் பொருளை மட்டும் எழுதுவார்கள். பேசுபொருள் வேறு, வேண்டுகோள் வேறு என்பதை அங்கேயே பிரித்துக் காட்டிவிட்டால் பின்வரும் வேலை அனைத்தும் எளிதாகும்.

யார் முன்னால் பேசப்பட்டது

இரண்டாம் பாடவேளையில் தாளைக் கொடுத்து, பேசியவர், இடம், நாள், எதிரே இருந்தவர்கள், அவர்கள் கையில் இருந்த அதிகாரம் ஆகியவற்றைக் குறிக்கச் சொல்லுங்கள். கடைசியாகச் சொன்னதைப் பலரும் விட்டுவிடுவார்கள். புதுச்சேரிப் பகுதி மாணவர்களுக்கு இதை விளக்கக் கீழூரைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. 1954 அக்டோபர் 18 அன்று, பிரெஞ்சு ஆட்சியிலிருந்து விலகி இந்தியாவுடன் இணைவதா என்பதை அங்கே கூடி முடிவு செய்தவர்கள், தேர்ந்தெடுக்கப்பட்ட 178 பிரதிநிதிகள். 170 பேர் இணைப்புக்கு ஆதரவாகவும் 8 பேர் எதிராகவும் வாக்களித்தனர். அந்த 178 பேரிடம் பேசுவதாக இருந்தால் நீ என்ன சொல்வாய், அதே வேண்டுகோளுக்காகக் கடைத்தெருவில் திரண்ட மக்களிடம் பேசினால் எதை மாற்றுவாய் என்று கேட்டுப் பாருங்கள். பிரதிநிதியிடம் சட்டம், வரி, அரசு ஊழியரின் வேலைப் பாதுகாப்பு ஆகியவற்றைப் பேச வேண்டியிருக்கும். தெருவில் திரண்டவர்களிடம் மானமும் உறவும் முன்னுக்கு வரும். கேட்பவர் மாறினால் பேச்சு மாறும் என்பதை மாணவர் தாமே கண்டுகொள்வார்.

மூன்று பிடிமானங்கள்

பேசுபவர் மீதுள்ள நம்பிக்கை, கேட்பவர் மனத்தில் எழும் உணர்ச்சி, முன்வைக்கப்படும் காரணம் ஆகிய மூன்றின் வழியாகவே ஒரு பேச்சு இணங்கவைக்கிறது என்று அரிஸ்டாட்டில் கி.மு. நான்காம் நூற்றாண்டிலேயே வகுத்துவிட்டார். இன்றும் உலகெங்கும் வகுப்பறைகளில் இதுவே அடிப்படை. கலைச்சொற்களை மனப்பாடம் செய்யவைக்காமல், 'இவரை ஏன் நம்புகிறேன், எனக்குள் என்ன எழுந்தது, என்ன காரணம் சொன்னார்' என்ற மூன்று வினாக்களாகவே கொடுங்கள்.

இவற்றுள் நம்பிக்கை என்பது பெரும்பாலும் தாளில் இருப்பதில்லை என்பதை மட்டும் விளக்கிச் சொல்ல வேண்டும். கடலூர் முதுநகரில் பிறந்த அஞ்சலையம்மாள் 1927இல் சென்னையில், 1857 கிளர்ச்சியைக் கொடூரமாக ஒடுக்கிய ஆங்கிலேயப் படைத்தளபதி நீலின் சிலையை அகற்றக் கோரும் போராட்டத்தில் தம் சிறுவயது மகளையும் உடன் அழைத்துச் சென்றவர். பலமுறை சிறை சென்றவர். அவரைப் போன்ற ஒருவர் மேடையேறி 'சிறைக்கு அஞ்சாதீர்கள்' என்று சொன்னால், அச்சொற்களுக்கு வலுவூட்டுவது அவர் வாழ்ந்த வாழ்க்கை. அதே சொற்களை இழப்பு எதையும் அறியாத ஒருவர் சொன்னால் எடை குறையும். ஆனால் இங்கே இன்னொரு வினாவையும் எழுப்ப வேண்டும்: நம்பிக்கைக்குரியவர் சொன்னார் என்பதாலேயே ஒரு கூற்று உண்மையாகிவிடுமா? தியாகம் துணிவுக்குச் சான்று. புள்ளிவிவரத்துக்குச் சான்று ஆகாது. இந்த வேறுபாட்டை உணர்ந்த மாணவர், திரைநட்சத்திரம் ஒருவர் மருந்தைப் பரிந்துரைக்கும் விளம்பரத்தையும் வேறு கண்ணால் பார்ப்பார்.

வாக்கியம் வாக்கியமாக

மூன்றாம், நான்காம் பாடவேளைகளை முழுமையாக இதற்கே கொடுங்கள். வகுப்புக்காக நான் எழுதிப் பயன்படுத்தும் ஒரு மாதிரிப் பேச்சை இங்கே தருகிறேன். கடற்கரை ஊர் ஒன்றில் பள்ளி மாணவி ஒருவர் பேசுவதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

"பெரியோர்களே, தாய்மார்களே, என்னோடு படிக்கும் தம்பி தங்கைகளே! தானே புயல் அடித்த அன்று நம் முந்திரித் தோப்புகளெல்லாம் வேரோடு சாய்ந்தன. பனைமரம் ஒன்றுகூடச் சாயவில்லை. நம் பாட்டன் வைத்த பனையை நாம்தான் வெட்டினோம், நாம்தான் சூளைக்கு விறகாக விற்றோம். கடல் நம்மைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை; நாம் மட்டும் யாரைக் கேட்கக் காத்திருக்கிறோம்? இந்த மழைக்காலத்தில் ஆளுக்குப் பத்துப் பனங்கொட்டை ஊன்றுவோம். இல்லையென்றால் அடுத்த புயலில் நம் ஊரே இருக்காது."

விளிப்பிலிருந்தே தொடங்குங்கள். 'பெரியோர்களே, தாய்மார்களே' என்பது மேடை வழக்கம். 'என்னோடு படிக்கும்' என்று சேர்த்தவுடன் பேசுபவர் தம்மை இளையவராகவும் கூட்டத்தில் ஒருவராகவும் நிறுத்திக்கொள்கிறார். அடுத்து 'நாம்தான் வெட்டினோம்' என்ற இடத்தில் 'நீங்கள்தான் வெட்டினீர்கள்' என்று மாற்றி உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். பின்னர் 'நாங்கள்தான் வெட்டினோம்' என்றும் படிக்கச் சொல்லுங்கள். கேட்பவரையும் உள்ளடக்கும் 'நாம்', கேட்பவரை வெளியே நிறுத்தும் 'நாங்கள்', சுட்டிக் குற்றஞ்சாட்டும் 'நீங்கள்' ஆகிய மூன்றும் மூன்று வேறு கூட்டங்களை உருவாக்குவதை மாணவர் உடனே உணர்வார். சொல்லை மாற்றிப் பார்க்கும் இம்முறை, எவ்வளவு விளக்கினாலும் புரியாததை ஒரு நிமிடத்தில் புரியவைக்கும்.

பிறகு 'ஒன்றுகூட' என்ற சொல்லில் நிறுத்துங்கள். தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது 2011 டிசம்பர் 30 அன்று. முந்திரியும் பலாவும் பண்ருட்டிப் பகுதியில் பெருமளவில் அழிந்தன என்பது உண்மை. ஆனால் இன்று பத்தாம் வகுப்பில் இருப்பவருக்கு அது நேரடி நினைவு அன்று. சான்று வீட்டில்தான் இருக்கிறது. 'உங்கள் ஊரில் பனை சாய்ந்ததா?' என்று தாத்தா பாட்டியிடமும் தோப்பு வைத்திருப்பவரிடமும் கேட்டு வரச் சொல்லுங்கள். சிலர் சாயவில்லை என்பார்கள், சிலர் தலை முறிந்ததைப் பார்த்ததாகச் சொல்லக்கூடும். 'பெரும்பாலான பனைகள் நின்றன' என்று சொல்லியிருந்தால் கூற்று வலுவிழக்காமலேயே உண்மையாக இருந்திருக்கும் என்பதை அந்த விடைகளைக் கொண்டே வகுப்பு கண்டுபிடிக்கும். 'எல்லாம்', 'ஒன்றுகூட', 'எப்போதும்', 'யாருமே' ஆகிய சொற்களைக் கண்டால் அடிக்கோடிடும் பழக்கம் இங்கிருந்து தொடங்க வேண்டும்.

அடுத்தது காலக் கணக்கு. பனங்கொட்டை ஊன்றி, அது வளர்ந்து பாளை விடப் பத்தாண்டுக்கு மேல் ஆகும். அப்படியானால் இந்த ஆண்டு ஊன்றும் விதை 'அடுத்த புயலில்' எப்படிக் காக்கும்? வேண்டுகோளுக்கும் அதற்குச் சொல்லப்பட்ட காரணத்துக்கும் இடையே இடைவெளி இருக்கிறது. கடைசி வாக்கியத்தில் 'பனை அல்லது அழிவு' என்று இரண்டே வழிகள் காட்டப்படுகின்றன. தங்குமிடம், எச்சரிக்கை, சவுக்கு, அலையாத்தி என வேறு வழிகள் பேச்சில் இல்லை.

வகுப்பில் ஒருவர் நிச்சயம் கேட்பார்: 'பனை வளர்ப்பது நல்லதுதானே, ஏன் குறை சொல்கிறோம்?' இந்த வினா வரவேண்டும் என்பதற்காகவே நல்ல நோக்கமுள்ள ஒரு பேச்சில் பலவீனமான காரணங்களை வைத்து எழுதினேன். நோக்கம் நல்லதாக இருப்பதும் காரணம் உறுதியாக இருப்பதும் இருவேறு செய்திகள். நல்ல நோக்கத்துக்காகத் தளர்வான சான்றை ஏற்கப் பழகியவர், தீய நோக்கத்துக்காக அதே தளர்வான சான்று வரும்போது அடையாளம் காண மாட்டார். இதை மாணவர் மனத்தில் பதியவைப்பதே இந்த முழுப் பயிற்சியின் நோக்கம் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். வேண்டுமானால் அதே பேச்சை, வேண்டுகோளை மாற்றாமல், காரணங்களை மட்டும் சரிசெய்து திருப்பி எழுதச் சொல்லுங்கள்; மறுத்துப் பழகுவதோடு நில்லாமல் திருத்தவும் கற்பார்கள்.

சான்றை எடைபோடுதல்

இப்போது உண்மையான ஒரு பேருரைக்கு வரலாம். 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் ஆற்றிய உரை, மேல்நிலை வகுப்புக்கு மிகவும் ஏற்றது. அதில் ஒரு பகுதி, சபை மிகுந்த காலம் எடுத்துக்கொண்டது என்ற குற்றச்சாட்டுக்கு விடை. சபை முதன்முதலாகக் கூடி 2 ஆண்டு, 11 மாதம், 17 நாள் ஆகின்றன என்று அவரே கணக்கைச் சொல்லி, அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகள் எடுத்துக்கொண்ட காலத்தோடு ஒப்பிடுகிறார். அமெரிக்காவையும் தென்னாப்பிரிக்காவையும்விட நாம் அதிக காலம் எடுத்தோம் என்பதை ஒப்புக்கொள்கிறார். கனடாவைவிட அதிகமில்லை, ஆஸ்திரேலியாவைவிட மிகக் குறைவு என்கிறார். அதன்பின், நம் அரசியலமைப்பில் 395 உறுப்புகள், அமெரிக்காவினுடையதில் 7 மட்டுமே என்றும், இங்கே 2,473 திருத்தங்களை எதிர்கொள்ள வேண்டியிருந்தது என்றும் காட்டுகிறார்.

இங்கே மாணவரிடம் கேட்க வேண்டியவை இரண்டு. முதலாவது, தமக்குப் பாதகமான ஒப்பீட்டை அவர் ஏன் மறைக்காமல் சொன்னார்? ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொண்டவர் மற்றவற்றையும் நேர்மையாகச் சொல்வார் என்ற நம்பிக்கை அங்கே பிறக்கிறது; காரணமே நம்பிக்கையாக மாறும் இடம் அது. இரண்டாவது, உறுப்புகளின் எண்ணிக்கையை வேலையின் அளவுகோலாகக் கொள்வது சரியா? ஒரே உறுப்பு பல பக்கம் ஓடலாம், ஒரு வரியிலும் முடியலாம். அம்பேத்கரே பேசினாலும் அளவுகோலைச் சோதிக்கலாம் என்று வகுப்பு உணர்வது, அவர் மீதுள்ள மதிப்பைக் குறைப்பதாகாது. அரசியலில் தனிமனித வழிபாடு வீழ்ச்சிக்கும் சர்வாதிகாரத்துக்கும் வழிவகுக்கும் என்று அதே உரையில் எச்சரித்தவர் அவர்தான்.

அவ்வுரையின் பிற்பகுதியில், 1950 ஜனவரி 26 அன்று முரண்பாடுகள் நிறைந்த வாழ்வுக்குள் நுழையப் போகிறோம், அரசியலில் சமத்துவமும் சமூக, பொருளாதார வாழ்வில் சமத்துவமின்மையும் இருக்கும் என்று கூறி, இதை எவ்வளவு காலம் தொடர்வோம் என்று வினவுகிறார். மகிழ்ச்சியோடு பணி முடிக்கும் அவையின் முன்னால் அவ்வினாவை எழுப்பியதன் துணிவையும் பொருத்தத்தையும் பேசவையுங்கள்.

கேட்பவர் தாமே சரிபார்க்கக்கூடிய சான்றே வலிமையானது என்பதைக் காட்டக் கண்ணகியின் வழக்குரையை நினைவூட்டலாம். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று அவள் சொல்லியதோடு நிற்கவில்லை. அரசன் கண்ணெதிரே உடைத்தாள். சோதித்துப் பார்க்க இயலாத கூற்றையும் சோதிக்க இயன்ற கூற்றையும் வேறுவேறு நிறத்தில் அடிக்கோடிடச் சொல்வது இதை ஒட்டிய எளிய பயிற்சி.

நன்னூல் தரும் கருவி

வாதப் பிழைகளுக்கு ஆங்கில நூல்களிலிருந்து நீண்ட பட்டியலை இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. நூலில் வரக்கூடாத பத்துக் குற்றங்களை நன்னூல் சொல்கிறது. அவற்றுள் நான்கை எடுத்தாலே வகுப்புக்குப் போதும். சொல்ல வேண்டியதை விட்டுவிடுவது குன்றக் கூறல். அளவுக்கு மீறிச் சொல்வது மிகைபடக் கூறல். முன்னுக்குப் பின் முரணாகச் சொல்வது மாறுகொளக் கூறல். கேட்ட வினாவை விட்டு வேறொன்றுக்குத் தாவி அதையே வளர்ப்பது மற்றொன்று விரித்தல். தொலைக்காட்சி விவாதத்தில் நான்காவதை மாணவர் மிக விரைவில் அடையாளம் காண்பார்கள். 'கூறியது கூறல்' என்பதும் அப்பட்டியலில் உண்டு. ஆனால் எழுத்தில் குற்றமானது மேடையில் பெரும்பாலும் வேண்டியதாகிறது, ஏனெனில் கேட்பவர் பின்னோக்கிப் புரட்டிப் படிக்க முடியாது. 'நாம்தான், நாம்தான்' என்று மாதிரிப் பேச்சில் திரும்ப வருவதை இதனோடு பொருத்திக் காட்டலாம்.

குன்றக் கூறலைக் காண்பதே கடினம், ஏனெனில் இல்லாததைப் பார்க்க வேண்டும். இதற்கு ஒரு வழி: வகுப்பில் நால்வரை எழுப்பி, ஒருவர் தோப்பு வைத்திருப்பவர், ஒருவர் மீனவர், ஒருவர் சூளைக்காரர், ஒருவர் பஞ்சாயத்துத் தலைவர் என்று கொள்ளச் செய்து, 'இந்தப் பேச்சைக் கேட்டதும் உங்கள் முதல் கேள்வி என்ன?' என்று கேளுங்கள். விடுபட்டவை தாமாக வெளிவரும்.

எழுதச் செய்தல்

ஐந்தாம் பாடவேளையில் ஒரு பத்தி எழுதட்டும். அணியிலக்கணம் படித்துப் பழகிய நம் மாணவரிடம் ஒரு வழக்கம் உண்டு: 'இப்பேச்சில் எதுகை, மோனை, உணர்ச்சி, வினா ஆகியன சிறப்பாகப் பயன்படுத்தப்பட்டுள்ளன. எனவே இது சிறந்த பேச்சாகும்' என்று எழுதி முடித்துவிடுவார்கள். பெயர் சொல்வது ஆராய்ச்சி ஆகாது. 'நாம்தான் வெட்டினோம் என்று பேசுபவர் தம்மையும் சேர்த்துக்கொள்வதால், கேட்பவர் பழிக்கு ஆளானதாக நினைக்காமல் பொறுப்பை ஏற்கிறார்; அதன் பிறகே ஊன்றுவோம் என்ற வேண்டுகோள் வருவதால் அதை மறுப்பது கடினமாகிறது' என்பது ஆராய்ச்சி. பேச்சில் உள்ள சொல், அது கேட்பவரிடம் செய்யும் வேலை, அந்த வேலை நேர்மையானதா என்ற தீர்ப்பு ஆகிய மூன்றும் விடையில் இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். பத்து மதிப்பெண் என்றால் சொல்லை மேற்கோளாகச் சுட்டுவதற்கு இரண்டு, வேலையை விளக்குவதற்கு ஐந்து, தீர்ப்புக்கும் அதன் காரணத்துக்கும் மூன்று என்று வைக்கலாம். தீர்ப்பு உங்கள் கருத்துக்கு மாறாக இருந்தாலும் காரணம் பொருந்தினால் முழு மதிப்பெண் கொடுங்கள். ஒருமுறை குறைத்துவிட்டால் அடுத்த முறை எல்லாரும் உங்களுக்குப் பிடித்த தீர்ப்பையே எழுதுவார்கள்.

எழுதத் தயங்குபவர் வாய்மொழியாகச் சொல்லட்டும்; அருகிலிருப்பவர் எழுதிக்கொள்ளட்டும்.

நிகழ்காலப் பேச்சுக்கு வருதல்

முறை கைவந்த பிறகு இன்றைய பேச்சுகளைத் தவிர்க்கத் தேவையில்லை. ஒரே பொருள் பற்றி எதிரெதிர் நிலையில் இருக்கும் இருவரின் பேச்சுகளை, ஏறக்குறைய ஒரே நீளத்தில், பெயரையும் கட்சியையும் நீக்கிவிட்டு எழுத்து வடிவில் கொடுங்கள். இரண்டுக்கும் ஒரே வினாக்களைக் கேளுங்கள். வகுப்பு விடையளித்த பின்னரே பெயர்களைச் சொல்லுங்கள். பெயர் தெரிந்ததும் யாரேனும் தம் மதிப்பீட்டை மாற்ற விரும்பினால், எந்த வாக்கியத்தைக் கொண்டு மாற்றுகிறார் என்று காட்டச் சொல்லுங்கள். உங்கள் சொந்தச் சார்பை வகுப்பில் வெளியிடாதீர்கள். தேர்தல் அறிவிக்கப்பட்ட காலத்தில் இந்தப் பாடத்தை ஒத்திவைப்பது நல்லது. எடுத்தேயாக வேண்டுமென்றால் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே இரு பேச்சுகளையும் காட்டி ஒப்புதல் பெற்றுக்கொள்ளுங்கள். மாணவர் கைப்பேசியில் பார்த்த காணொளியை எடுத்து வந்தால், அது முழுப் பேச்சா, வெட்டி ஒட்டிய பகுதியா என்பதை முதலில் கண்டறியச் செய்து, முழுப் பேச்சு கிடைத்த பின்பே ஆராயத் தொடங்குங்கள்.